விண்டோஸ் 10 போனபின் பழைய மடிக்கணினியை என்ன செய்யலாம்?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இப்போது கேட்பது ஒரே கேள்விதான். திறந்தவுடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் வருகிறது. புதுசு வாங்கித்தான் ஆக வேண்டுமா? இந்தக் கணினிகளில் பல, 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்ட பிறகு வீட்டுக்கு வந்தவை. பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு. வீட்டில் இருந்ததோ அப்பாவின் ஒரே கைப்பேசி. அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகளை ஈப்போவிலும் இணையக் கடைகளிலும் தேடிப் பிடித்து, தவணையில் வாங்கியவர்கள் நிறையப் பேர். தவணை கட்டி முடித்தாயிற்று, கணினியும் நன்றாகவே ஓடுகிறது. ஓடுகிற பொருளைத் தூக்கிப் போடச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்குப் புதுக் கணினி தேவையில்லை. ஆனால் எந்த வழி ஏற்றது என்பதற்கு எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது, கோளாறு வந்தால் கூப்பிடுகிற தூரத்தில் யார் இருக்கிறார் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டாவதைக் கோலாலம்பூரில் இருப்பவர்கள் பெரிதாக நினைக்கமாட்டார்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வரவே பேருந்துக்கோ அண்ணன் மோட்டாருக்கோ காத்திருக்கும் குடும்பத்துக்கு அதுதான் முதல் கணக்கு.

நடந்தது இதுதான். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்தியது. கணினி நின்றுவிடாது, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படாமல் கிடக்கும். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும் (கணினியின் மூளையான பிராசசர்) வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017-இல். அதற்கு முந்தியவை ஏறக்குறைய எல்லாம் வெளியே. உங்கள் கணினி எதில் சேர்த்தி என்று பார்ப்பது எளிது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்று போனால் செயலியின் பெயர் இருக்கும். ஐ5-7200யூ என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 7, ஏழாம் தலைமுறை: மாற முடியாது. ஐ5-8250யூ என்றிருந்தால் எட்டு: இலவசமாகவே விண்டோஸ் 11-க்கு மாறலாம், மாறிவிடுங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. கோட்டுக்குப் பின் 10 அல்லது 11 என்று தொடங்கினால் அது பத்தாம், பதினோராம் தலைமுறை. முதல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது தெரியாமல் முடிவெடுத்தால் இதே சிக்கல் திரும்பவும் வரும். காசு கொடுத்து வாங்கிய இரும்பும் பிளாஸ்டிக்கும் நம்முடையவை. அதற்குள் ஓடும் விண்டோஸ் நம்முடையதல்ல. அதைப் பயன்படுத்த அனுமதி மட்டும்தான் பெற்றிருக்கிறோம், உரிம ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவருக்குச் சாயம் அடித்தோம், பின்கட்டில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தோம். தோட்டம் கைமாறியபோது வீடு நம்முடையதாக இல்லை. பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கப் புறப்பட்டது இந்த வலி தெரிந்துதான். மென்பொருளிலும் எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தே நான் வழிகளை எடைபோடுகிறேன்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் அப்படியே விடுவது. “ஓடுதே, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்களிடம் 2017 மே மாதம் நடந்ததைச் சொல்வேன். வானாகிரை என்ற கிருமி உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அடிபட்டவை அதைப் போடாத கணினிகள். விண்டோஸ் 10-இல் உள்ள கிருமித் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டர் 2028 அக்டோபர் வரை புதிய கிருமிகளின் அடையாளங்களைப் பெறும் என்பது உண்மை. ஆனால் அது வாசலில் காவல் மட்டுமே. சுவரில் விழும் புது ஓட்டையை அது அடைக்காது. இணையமே தொடாமல் கோயில் மண்டபத்தில் பாட்டுப் போடவும் கடிதம் தட்டச்சவும் வைத்திருக்கும் கணினி என்றால் அப்படியே விடுங்கள், தப்பில்லை. வங்கிக் கணக்கு, வருமான வரிப் படிவம், பிள்ளையின் பள்ளிக் கணக்கு எல்லாம் திறக்கும் கணினி என்றால் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட்டே தரும் கூடுதல் பாதுகாப்புத் திருத்தத் திட்டம். இஎஸ்யூ என்பார்கள். 2026 அக்டோபர் 13 வரை ஓர் ஆண்டுக்குத் திருத்தங்கள் கிடைக்கும். சேர மூன்று வழி: 30 அமெரிக்க டாலர் கட்டலாம், நம் காசில் ஏறக்குறைய 120 வெள்ளி, அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸில் 1,000 புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேமிப்பில், அதாவது இணையத்தில் அது தரும் சேமிப்பிடத்தில், காப்பெடுக்கச் சம்மதித்தால் காசே வேண்டாம். ஒருமுறை சேர்ந்தால் அதே கணக்கில் பத்துக் கணினிகள் வரை பயன்படுத்தலாம். அக்காள், தங்கை வீட்டுக் கணினிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நல்ல சேதி. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு தெரியும்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. எந்த வழியில் சேர்ந்தாலும், காசே கட்டினாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். இதுவரை வெறும் பெயரும் கடவுச்சொல்லும் போட்டுக் கணினியைத் திறந்தவர்கள் இப்போது மின்னஞ்சல் கொடுத்து அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். இலவச வழியில் போனால் மேகச் சேமிப்பில் கிடைக்கும் இடம் 5 ஜிபி மட்டும். ஏற்கெனவே படங்கள் நிரம்பியிருந்தால் இடம் வாங்கச் சொல்லிக் கேட்கும். ஐரோப்பாவில் இதே நிபந்தனையைப் பயனீட்டாளர் அமைப்புகள் எதிர்த்தன. 2025 செப்டம்பரில் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தில் உள்ளவர்களுக்கு மட்டும், காப்பெடுக்கும் நிபந்தனை இல்லாமலே இலவசம் என்று மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. அங்கும் கணக்கு வேண்டும். ஆனால் தரவைக் கொடு என்ற நிபந்தனை போய்விட்டது. அதே விண்டோஸ், அதே திருத்தம். சுங்கை சிப்புட்டில் இருப்பவருக்கு ஒரு விதி, ஸ்பெயினில் இருப்பவருக்கு இன்னொரு விதி. அங்கே சட்டம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறார்கள்; வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டிலும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் 1969 முதல் இருக்கின்றன. அரிசி, மருந்து, கடன் என்று அவர்கள் கேட்டதைப் போல மென்பொருளைப் பற்றியும் நாம் கேட்கச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் சில பேருக்கு இந்த இரண்டாம் வழிதான் சரி. பெரிய சாலையோரத்தில் மளிகைக் கடையோ உதிரிபாகக் கடையோ வைத்து, விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளில் வரவு செலவு எழுதுபவர்கள், எஸ்பிஎம் தேர்வு நெருங்கும் நேரத்தில் எதையும் மாற்ற விரும்பாத வீடுகள், இவர்கள் எல்லாம் இதில் சேர்ந்து ஓர் ஆண்டு மூச்சுவிடலாம். அது மூச்சுவிட மட்டும்தான். 2026 அக்டோபரில் அதே கேள்வி வாசலில் வந்து நிற்கும்.

மூன்றாவது, குறுக்கு வழி. செயலி பழையதாக இருந்தாலும் ரூஃபஸ் போன்ற கருவியால் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாம். கைதேர்ந்தவர் தன் சொந்தக் கணினியில் செய்தால் அது அவர் விருப்பம். இதற்கு ஆதரவு இல்லை, திருத்தங்கள் வரும் என்ற உறுதியும் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது; ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பைத் திரும்பவும் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும். கடைக்காரர் இதைச் சொல்லாமல் செய்து கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. ரப்பர் சீவப் போகும் அம்மா ஒருவர் அண்மையில் அப்படி மாற்றிக்கொண்டு வந்த கணினியைக் காட்டி, “தம்பி, புதுசா மாத்திக் கொடுத்தாங்க, இனிமே பிரச்சினை இல்லைதானே?” என்று கேட்டார். ஏழாம் தலைமுறைச் செயலி அது. அவர் காசு கொடுத்தது உறுதிக்கு. கிடைத்தது உறுதியில்லாத ஒன்று. திருட்டு உரிமத்தை முடுக்கிவிடும் கோப்புகளைச் சேர்த்துப் போட்டுக் கொடுப்பது இதைவிட மோசம். அந்தக் கோப்புகளோடு ஒட்டிக்கொண்டு வரும் கிருமிகள் விண்டோஸ் 10-இன் ஓட்டைகளைவிட முந்திக்கொண்டு வேலையைக் காட்டும்.

நான்காவது, வேறு கணினி வாங்குவது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. சுமாரான புது மடிக்கணினி ஒன்றின் விலை அந்த ஒரு மாதச் சம்பளத்தை எளிதாகத் தின்றுவிடும். பழைய கணினி உண்மையிலேயே தேய்ந்துபோயிருந்தால், அதாவது திரை போய், பேட்டரி உப்பி, 4 ஜிபி நினைவகத்தைக் கூட்டவும் வழியில்லை என்றால், அலுவலகங்கள் கழிக்கும் எட்டாம் தலைமுறைக் கணினியைப் பார்க்கலாம். ஆயிரம் வெள்ளிக்குள் கிடைப்பவை உண்டு. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரத்தில் “விண்டோஸ் 11 உள்ளது” என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். மேலே சொன்ன குறுக்கு வழியில் ஆறாம் தலைமுறையிலும் அதை ஏற்றி விற்கலாம். செயலியின் முழு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அந்த உரையாடலைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையை விசாரிப்பார்கள், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. நம் ஆட்கள் இவ்வளவு தூரம் போவதில்லை, போக வேண்டும். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்புத் திருத்தமும் கணினிக்கு உதிரிபாகம் போன்றதுதான் என்று சட்டத்தில் எழுதப்படும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம், தூக்கிப் போடும் பழையது எங்கே போகும் என்பதையும் நினைக்க வேண்டும். மின்னணுக் கழிவு நம் நாட்டில் எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணுள்ள அட்டவணைக் கழிவு. கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. செம்பனைக் காட்டு ஓரத்தில் திரையும் கம்பியும் எரிவதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் சட்ட எண் இல்லை.

ஐந்தாவது வழிதான் என் தேர்வு: விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ். பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். லினக்ஸ் மின்ட் என்ற வகை, விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது; கீழே பட்டை, மூலையில் பட்டியல், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். 4 ஜிபி நினைவகத்தில் ஓடும், 8 இருந்தால் நிம்மதி. மின்ட் 22-க்குத் திருத்தங்கள் 2029 வரை வரும். கணக்கு திறக்கச் சொல்லாது, மேகத்தில் கொண்டுபோய்க் கொடு என்று கேட்காது. பழைய சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு வட்டைப் போட்டால், அதற்கான செலவு புதுக் கணினி விலையில் சிறு பகுதிதான், 2016-ஆம் ஆண்டுக் கணினி சுறுசுறுப்பாக எழுந்துவிடும். இந்த வட்டு மாற்றம் விண்டோஸிலேயே இருக்க நினைப்பவர்களுக்கும் பலன் தரும்.

தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு பெரிய பலன் உண்டு. மின்ட் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. கைப்பேசித் தரவில் அதை இறக்குவது கஷ்டம். செம்பனைக்கு நடுவே ஒரு கோடு அலைவரிசை வந்து வந்து போகும் இடத்தில் முடியவே முடியாது. ஆனால் பட்டணத்தில் ஒருவர் ஒருமுறை இறக்கி, ஒரு விரலியில் (பென் டிரைவ்) போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோகலாம். அது திருட்டு இல்லை. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்க அதன் உரிமமே அனுமதிக்கிறது. விண்டோஸிலோ, அரைகுறை அலைவரிசையில் கைப்பேசியோடு இணைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் அப்டேட் இறங்கி, பிள்ளையின் வகுப்புக்கு வைத்திருந்த தரவெல்லாம் காலியாகிவிடும். மீட்டர்ட் என்ற அமைப்பைப் போட்டால் தடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மின்ட் உங்களைக் கேட்ட பிறகே திருத்தங்களை ஏற்றும். நல்ல வைஃபை கிடைக்கும் நாளில் சேர்த்து ஏற்றிக்கொள்ளலாம்.

பள்ளி வேலைக்கு? கல்வி அமைச்சின் டெலிமா தளம், கூகல் வகுப்பறை, வருமான வரியின் இணையப் படிவம் எல்லாம் உலாவியில்தான் திறக்கின்றன. உலாவி இருந்தால் போதும். லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருளில் கட்டுரையும் அட்டவணையும் எழுதலாம். ஆசிரியர் அனுப்பும் வேர்ட் கோப்பில் பெட்டிகளும் வரிகளும் சில நேரம் இடம்மாறும். அப்போது மைக்ரோசாஃப்ட்டின் இலவச இணைய வேர்டில் திறந்துகொள்ளலாம். தமிழில் எழுத தமிழ்99 விசைமுறை கிடைக்கிறது, ஒலிப்பு முறையும் உண்டு. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழகிய கைகளுக்கு முதல் வாரம் தடுமாற்றம் இருக்கும், பிறகு சரியாகிவிடும். கோயில் செயலாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த பழைய திருவிழா அழைப்பிதழ்கள், அந்த எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் புதிய கணினியில் நிறுவாவிட்டால் கிறுக்கலாகத்தான் தெரியும். மாறுவதற்கு முன்பே அந்த எழுத்துருக்களை எடுத்து வையுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. உள்ளூர்க் கணக்கு மென்பொருள்கள் பல விண்டோஸைத் தவிர வேறெதிலும் ஓடா. ரோப்லாக்ஸ், வேலரண்ட் போன்ற விளையாட்டுகள் நேரடியாக ஓடாததால் வீட்டில் சின்னவன் சண்டைக்கு வருவான். சில அச்சுப்பொறிகளும், சில வைஃபை அட்டைகளும் மல்லுக்கு நிற்கும். இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். விரலியிலிருந்தே மின்ட்டை ஓடவிட்டு, விண்டோஸைத் தொடாமலே வைஃபை, ஒலி, கேமரா, அச்சு எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் விரலியைக் கழற்றிவிட்டு மறுபடி திறந்தால் பழையபடி விண்டோஸ்.

உண்மையான சிக்கல் ஆள்தான். விண்டோஸ் கெட்டால் எந்தக் கடையிலும் கொடுக்கலாம். லினக்ஸ் என்றதும், “அது நமக்கு ஆகாதுண்ணே” என்று கையை விரிக்கும் கடைகள் பட்டணத்தில் இருக்கின்றன. அவர்கள் மேல் தப்பில்லை, கேட்டு வருபவர் இல்லாததால் கற்கவில்லை. எனவே ஒரு வீடு தனியாக மாறுவதைவிட, ஒரே தோட்டத்தில் நான்கைந்து வீடுகள் சேர்ந்து மாறுவது நல்லது. படிவம் நான்கு, ஐந்தில் படிக்கும் ஒரு பையனோ பெண்ணோ நன்றாகக் கற்றுக்கொண்டால் அந்த வரிசைக்கே போதும். அப்படி யாருமே இல்லாத இடத்தில், பார்வை மங்கிய தாத்தா மட்டும் பயன்படுத்தும் கணினியில், நான் லினக்ஸைத் திணிக்கமாட்டேன். அங்கே இஎஸ்யூவில் சேர்த்துவிட்டு, பேரப்பிள்ளை விடுமுறைக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம்.

பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றும் கூகலின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இலவசம், வேகமானது, உலாவி மட்டும் போதும் என்பவருக்கு ஏற்றது. ஆனால் கூகல் கணக்கு இல்லாமல் அதில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எந்த மாதிரிக் கணினிக்கு எந்த ஆண்டு வரை ஆதரவு என்ற பட்டியலும் கூகல் கையில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் தேதியிலிருந்து தப்பி இன்னொரு நிறுவனத்தின் தேதிக்குள் போவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆகவே, வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் உலாவியும் மட்டும் என்றால் மின்ட், இன்றைக்கே. விண்டோஸ் மட்டும் ஏற்கும் கணக்கு மென்பொருள் என்றால் இஎஸ்யூ, கூடவே 2026 அக்டோபருக்குள் எட்டாம் தலைமுறைக் கணினிக்குச் சிறுகச் சேர்த்து வையுங்கள். எந்த வழியில் போனாலும் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் முதலில் வெளி வட்டு ஒன்றில் எடுத்து வையுங்கள். பிறகு கடைக்குக் கொண்டுபோனால், கணினியைக் கையில் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: எதை ஏற்றப் போகிறீர்கள், அதற்கு எந்த ஆண்டு வரை திருத்தம் வரும், உரிமம் யார் பெயரில்? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் கணினியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம்.